வாத்தியார் ஆன்லைனில் இருக்கிறார்

'பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்தது? ஐந்து மார்க் கேள்வி. சீக்கிரம் ப்ளீஸ்.'

ஹாலில் மகள் தட்டிய கேள்வி, படுக்கையறையில் அப்பாவின் போனில் டிங்கென்று வந்து விழுந்தது. மனுஷன் பதறிப்போய்ச் சத்தத்தை அமுக்கினார்.

வீட்டுப்பாடத்துக்கு உதவும் அந்தத் தளத்தில் அவர் பெயர் 'வரலாற்று வாத்தியார்'. நிஜத்தில் லிப்ட் மெக்கானிக்.

எல்லாம் வாயால் வந்த வினை. போன மாதம், சமூக அறிவியல் சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தார். அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் நடுவில் அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

புத்தகத்தை மூடிக்கொண்டு போனவள்தான். அப்புறம் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. "ம்", "சரி", இவ்வளவுதான் பேச்சு.

பெற்ற மனசு கேட்குமா? அவள் எந்தத் தளத்தில் கேட்கிறாள் என்று மனைவியிடம் நைசாக விசாரித்தார். அதே பாடப்புத்தகத்தில் இன்னொன்று வாங்கி, ஸ்பானர் பைக்குள் ஒளித்துவைத்து, லிப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து படித்தார். இந்த அக்கறை பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்.

தளத்தில் அவள் பெயர் 'தூங்குமூஞ்சி'. அவர் செல்லமாகக் கூப்பிடுவது. அதைப் பார்த்த அன்றைக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு தட்டினார்.

'பிரபுக்கள் வரி கட்டவில்லை. பாரமெல்லாம் ஏழைகள் தலையில். லிப்டில் ஆள் அதிகமானால் மணி அடிக்கும் அல்லவா? அங்கே வருஷக்கணக்காக அடித்தது. எவனும் இறங்கவில்லை.'

அனுப்பியபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். லிப்ட் எதற்கு இங்கேயும் வந்தது, போன தடவை மாதிரியே?

'சூப்பர் சார்! நல்லாப் புரிஞ்சுது. நீங்க எங்கப்பா மாதிரி கத்தறதே இல்லை.'

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வாத்தியார்மேல் அவருக்கே பொறாமையாக இருந்தது.

'அப்பாவுக்கு உன்மேல் பாசம் ஜாஸ்தி இருக்கும். அதான் கத்தியிருப்பார்' என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கினார்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஆளுக்கொரு மூலையில போனைக் கட்டிக்கிட்டு அழுங்க. வீட்ல நான் ஒருத்தி இருக்கேங்கற நினைப்பு யாருக்காவது இருக்கா?"

போன் அதிர்ந்தது.

'நாளைக்குப் பரீட்சை சார். அட்சரேகை, தீர்க்கரேகை இன்னும் மண்டையில ஏறலை. எழுதினா புரியாது. ஹாலுக்கு வாங்க.'

அவர் திருதிருவென்று விழித்தார். அடுத்ததும் வந்தது.

'ஸ்பானர் பையில இருக்கற புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க. லிப்ட் கதை வேண்டாம். போன தடவையே டீச்சர் சிரிச்சாங்க.'

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி.

'கத்தக் கூடாதுப்பா.'

'சரி' என்று தட்டப் போனவர், போனை மெத்தையிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.