பெரிய மாப்பிள்ளை மாட்டிய ஃபேன்

ஒரு குடும்பத்தில் ஒரு மனிதனின் இடம் எது என்பதைக் காலம்தான் தீர்மானிக்கிறது.

பெரிய மாப்பிள்ளைக்குக் காலம் தீர்மானித்த இடம் மாமனார் வீட்டுக் குளியலறையில், ஜன்னலுக்கு மேலே, ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் அளவில் இருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் தன் கையால் மாட்டிய ஃபேன் அது. அந்த வீட்டில் அவர் கைபட்டு நடந்த வேலை அது ஒன்றுதான். வருகிற விருந்தாளிகளைக் குளியலறை வரை கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்.

இப்போது அதைக் கழற்றிக்கொண்டிருந்தவர் சின்ன மாப்பிள்ளை.

ஃபேன் ரிப்பேர், புதுசு வாங்கியாச்சு, சின்னவர் வந்து மாட்டுகிறார் என்று மனைவி போனில் பேசியது காதில் விழுந்ததுமே பெரியவர் கிளம்பிவிட்டார். “நீங்க எதுக்கு அங்க?” என்று அவள் குறுக்கே நின்றுகூடப் பார்த்தாள்.

“சும்மா இந்தப் பக்கமா வந்தேன்,” என்றார் மாமனார் வீட்டு வாசலில். ஒரு கன்னம் மழித்திருந்தது. மறு கன்னம் மழிக்கப்படவில்லை.

“உங்களுக்கு எதுக்கு மாப்ள சிரமம்னுதான் சொல்லல,” என்றார் மாமனார்.

சின்னவருக்குக் கொடுக்கலாம், தனக்குக் கொடுக்கக் கூடாது என்னும்படி அப்படி என்ன சிரமம் அது? பெரியவருக்கு வயிறு எரிந்தது.

குளியலறை வாசலில் நின்று பார்த்தார். மாமனார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இவர் ஏறிய ஸ்டூலை யாரும் பிடிக்கவில்லை. ஆடிக்கொண்டேதான் மாட்டினார். மாமியார் சின்னவர் கால் வழுக்கிவிடக் கூடாதென்று தரையில் துண்டு விரித்திருந்தார். சின்னவரின் ஸ்க்ரூடிரைவர்கள் ஒரு பெட்டிக்குள் தனித்தனிப் பள்ளத்தில் படுத்திருந்தன. இவர் அன்று திருகு முடுக்கியது காய் நறுக்கும் கத்தியால்.

“பாத்து. நான் இறுக்கினது. லேசுல வராது,” என்றார்.

வந்துவிட்டது.

சின்னவர் பழைய ஃபேனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார். மாமனார் வாளியைப் பார்த்தார்.

தனக்குத் தெரியாமல் ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று பெரியவருக்குப் பட்டது. அன்று அவர் சரியாகக் கணித்தது அதை மட்டும்தான்.

புது ஃபேன் ஏறியது. சுவிட்சைப் போட்டதும் சத்தமில்லாமல் சுற்றியது. சின்னவரின் மனைவி, இவருக்குக் கொழுந்தியாள், தன் கணவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். மாமியார், “இறங்குங்க மாப்ள, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு,” என்றார்.

பெரியவருக்கும்தான் வேர்த்துக் கொட்டியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் உள்ளே போனார். ஃபேனுக்குக் கீழே நின்று, தீர்ப்புச் சொல்லப் போகிறவர் போல முகத்தை நிமிர்த்தினார்.

காத்திருந்தார்.

முகத்தில் ஒன்றும் படவில்லை. நெஞ்சுக்குள் மெல்ல ஒரு குளிர்ச்சி பரவியது.

“காத்தே இல்லையே.”

“அண்ணா, இது வந்து…” என்று சின்னவர் ஆரம்பித்தார்.

“பழசு எப்படி இருந்துச்சு? கீழ நின்னா முடி பறக்கும். தலை துவட்டவே வேணாம்.”

“பாத்ரூம்ல மட்டுமா மாமா? சாப்பாட்டு மேசை வரைக்கும்ல வரும்,” என்றாள் கொழுந்தியாள். மாமியார் அவள் கையைக் கிள்ளினார்.

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றார் பெரியவர். இந்த வீட்டில் அந்தப் பெண் ஒருத்திக்காவது நன்றி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். “ஒண்ணும் பயப்படாதீங்க சகலை. பழகாத கை, தப்பு நடக்கிறதுதான். கழட்டித் திருப்பி மாட்டுங்க.”



சின்னவர் மறுபடியும் மாமனாரைப் பார்த்தார். மாமனார் இம்முறை வாளியைப் பார்க்கவில்லை. மூத்த மருமகனின் முகத்தைப் பார்த்தார். பாதி மழித்த, பொறாமையில் வெந்த முகம். இந்த வீட்டில் ஒரே ஒரு தடவை ‘நீங்க சொன்னது சரி’ என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அது அண்ணாந்து நின்றது.

“பெரியவர் சொல்றது சரி,” என்றார் மாமனார். “அப்படியே திருப்பி மாட்டிடுங்க மாப்ள.”

சின்னவர் மறுபடி ஸ்டூலில் ஏறினார். இம்முறை ஸ்டூலைப் பெரியவரே பிடித்துக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் முடுக்குங்க,” என்று ஒவ்வொரு திருகுக்கும் சொன்னார்.

சுவிட்ச் போட்டதும் காற்று அவர் முகத்தில் அறைந்தது. முன்தலை முடி எழுந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். காலையிலிருந்து எரிந்த வயிறு அடங்கியது.

“இதுக்குப் பேர் ஃபேன்,” என்றார்.

கொழுந்தியாள் போய்ச் சாப்பாட்டு அறை ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்.

உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவதுதான் அந்த வகை ஃபேனின் ஒரே உத்தியோகம். பெரியவர் மாட்டிய நாளிலிருந்து அது வெளிக்காற்றை உள்ளே வாங்கி, குளியலறையில் இருந்த சகலத்தையும் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. புது மாப்பிள்ளையிடம் சொல்ல அப்போது கூச்சப்பட்டார்கள். மாப்பிள்ளை பழசான பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை.

பழைய ஃபேன் ரிப்பேராகவே இல்லை.