இடப்பக்கம் இழுக்கும் வண்டி

"காரை வீட்டு கேட்டுல கொண்டுபோய் இடிச்சுட்டா என் வீட்டுக்காரி. வண்டி இடப்பக்கமே இழுக்குதாம்" என்றார் கணக்கு வாத்தியார், மெக்கானிக்கிடம். சொல்லும்போது ஒரு நமுட்டுச் சிரிப்பு வேறு.

அவள் லைசென்ஸ் வாங்கியது சமீபத்தில்தான். இடித்ததாகச் சொன்ன அன்றே சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மச்சினனுக்குப் போன் போட்டு, "உங்க அக்காவுக்கு வாசலே தெரியல, ரோடு எங்க தெரியப்போகுது" என்று சிரித்தார். அவள் மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கு பஸ் மாறி மாறிப் போனாள்.

மெக்கானிக் வீல் அலைன்மென்ட் செய்து ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் இழுத்தது. வண்டியை மேலே தூக்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"அலைன்மென்ட் எப்படி சார் நிக்கும்? சக்கரத்தைத் தாங்குற ஆர்மே வளைஞ்சு கிடக்கு."

"அவ்வளவு பலமாவா இடிச்சிருக்கா?"

"கேட்டுல இடிச்சா இது வளையாது. நல்ல வேகத்துல எதுமேலயோ ஏறியிருக்கு. வளைஞ்ச இடத்துல துருவே பிடிச்சாச்சு, பழைய அடி. டயரும் உள்பக்கம் தேஞ்சு கம்பி தெரியுது. இப்படியே ஓட்டியிருந்தா ஒரு நாள் வெடிச்சிருக்கும்."

வாத்தியாருக்குச் சுரீரென்றது. மழைக்காலத்தில் ஒரு நாள், போனைப் பார்த்துக்கொண்டே சாலை நடுத்திட்டில் வண்டியை ஏற்றியது அவர்தான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கமாகவே பிடித்து ஓட்டிப் பழகியதில், வண்டி இழுப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆர்மும் டயரும் மாற்றிக்கொண்டு திரும்பும்போது வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பாவி, அவளை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாவியை அவள் பக்கத்தில் வைத்தார்.

"தப்பு என்னோடது. மழையில நடுத்திட்டுல ஏத்தினது நான்தான். அதனாலதான் வண்டி இழுத்து, நீ கேட்டுல இடிச்சிருக்கே."

அவள் நிமிராமலே சொன்னாள்.

"நான் எங்கேயும் இடிக்கல. வண்டி இழுக்குது, காட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? உனக்கு ஓட்டத் தெரியலன்னீங்க. தினமும் நீங்க அதுல போயிட்டு வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. நான் இடிச்சுட்டேன்னு சொன்னாத்தானே நீங்க ஷெட்டுக்குக் கொண்டுபோவீங்க?"