தோட்டம் பூட்டு

கெரனை எனக்குப் பிடிக்காது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மவுஸ் எப்போதும் அவள் கையில் இருந்தது.

கல்லடியில் எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு சேர்ச் மண்டபம். அதில் ஒரே ஒரு கொம்பியூட்டர், ரெண்டு பெரிய ஸ்பீக்கர். கடல் ஊருக்குள் வந்து போன எட்டாம் மாதம் யாரோ கொண்டுவந்து தந்தது. கூடவே ஒரு சீடி. போட்டால் ஏதோ ஒரு வெள்ளைக்கார ராசாவின் மாளிகை வரும். தொப்பி வைத்த ஒரு ஆள் திரையில் நின்று, இங்கிலிஷில் கதைத்தபடி கூட்டிப்போவான். கதவில் அமத்தினால் கதவு திறக்கும்.

அந்த ஆள் சொல்வதைக் கெரன் தமிழில் சொல்வாள். முகாம் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்கள்.

"இது ராசா சாப்பிடுற அறை. நாப்பது கதிரை."

"குசினி எங்க அக்கா?"

"அது அங்கால, ரெண்டு வளவு தள்ளி."

"அப்ப கறி ஆறிப்போகுமே?"

"ஆறும்தான். அதுதான் ராசாமாருக்கு எப்பவும் கோவம்."

பிள்ளைகள் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. இங்கிலிஷும் அவளுக்கு, பகிடியும் அவளுக்கா?

நாங்கள் ரெண்டு பேரும் ஓ.எல். சோதனை எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ஒரே முகாம், பக்கத்துக் கொட்டில். அவள் டச்பார் ஊர்ப் பறங்கி வீட்டுப் பிள்ளை, வெள்ளைக்காரர் வழி வந்த சனம்; இங்கிலிஷ் அவள் வீட்டிலேயே கிடந்தது. நான் ஒவ்வொரு சொல்லாகப் பாடமாக்கினேன்.

மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து பெரியாக்கள் வருவார்கள், அன்றைக்கு மாளிகையை நல்லாச் சுற்றிக் காட்டுகிறவளுக்கு உதவி ரீச்சர் வேலை என்று மண்டபத்தில் படிப்பிக்கிற ஜெயராஜா சேர் சொல்லியிருந்தார். வேலை ஒன்றுதான். எங்கள் கொட்டிலில் உழைக்க என்னை விட்டால் ஆள் இல்லை.

"கெரனைப் பாத்துப் பழகு புள்ள," என்று அம்மா வேறு சொல்வா. அதற்குப் பிறகு சோறு இறங்காது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிழை பிடிபட்டது. மாளிகைப் படத்தில் தோட்டத்துக்கு ஒரு பச்சைக் கதவு இருந்தது. அதை மட்டும் அவள் திறக்கவே மாட்டாள்.

"தோட்டத்துக்குள்ள போவம் அக்கா," என்று சின்னக் கிளாறிஸ் கேட்பாள்.

"தோட்டம் பூட்டு மனே. சீடியில கீறல்."

சீடியைத் தினமும் துடைத்து வைக்கிறது நான். அதில் ஒரு கீறலும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், விட்டுவிட்டு வந்த கொப்பியை எடுக்க மண்டபத்துக்குப் போனேன். கெரன் தனியாக இருந்தாள். திரையில் தோட்டம். சதுரம் சதுரமாக வெட்டிய செடி, வெள்ளைச் சிலை, நடுவில் குளம். ஸ்பீக்கர் வயரையும் கழற்றி வைத்திருந்தாள். கள்ளி, வெளியில் ஒருவருக்கும் கேட்கக் கூடாதாம். பெரியாக்கள் வரும் அன்று திறந்து காட்டிப் பெயர் எடுக்கத்தான் இந்த ஒளிப்பு என்று எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள், பிள்ளைகள் எல்லாம் இருக்கும்போது எழும்பினேன்.

"சேர், தோட்டம் பூட்டில்ல. நேத்து இவ தனிய இருந்து பாத்தவ."

சேர் அவளைப் பார்த்தார். "மெய்தானா புள்ள?"

"ஓம் சேர்."

"அப்ப என்னத்துக்குப் பொய் சொன்ன நீ?"

கெரன் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"சரி. சர்மிலா, இண்டைக்கு நீ காட்டு."

கெரன் கதிரையை விட்டு எழும்பும்போது என் காதுக்குள் சொன்னாள்: "சத்தத்தக் குறைச்சுப்போட்டுத் திற புள்ள."

"எனக்குத் தெரியும். நீ போ."

சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

மவுஸில் அவள் கைச்சூடு இன்னும் இருந்தது. பச்சைக் கதவை அமத்தினேன்.

தொப்பிக்காரன் கையை உயர்த்தினான். குளத்தில் நூறு இடத்தில் தண்ணீர் ஒரேயடியாக எழும்பியது. ரெண்டு ஸ்பீக்கராலும் இரைச்சல் வந்தது. தூரத்தில் தொடங்கி, கிட்டக் கிட்ட வருகிற இரைச்சல்.

ஒருவரும் கத்தவில்லை. கதிரைகள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு நினைவு வந்தபோது மெயின் ரோட்டில் நின்றேன். பின்னால் பிள்ளைகள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஒருவரையும் நான் கையில் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் முதல் ஓடியது நான்.

கெரன் கடைசியாக வந்தாள், இடுப்பில் கிளாறிஸ். இரைச்சலை நிற்பாட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். இருபத்திரண்டும் சரியாக வந்த பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"சொல்லியிருக்கலாமே," என்றேன். மூச்சு வாங்கியது.

"பிள்ளையள வெச்சுக்கொண்டு எப்பிடிச் சொல்ற? சொன்னாலே அதுகளுக்குக் கடல் இரைச்சல் கேக்கும். சத்தமில்லாமக் காட்டத்தான் பழகிட்டிருந்தன்."

"உனக்கு எப்பிடித் தெரியும், இப்பிடி ஓடுவாங்க எண்டு?"

"சீடி வந்த முதல் நாள் நான் தனியத்தான் திறந்தன். ஓடிப்போய்க் கல்லடிப் பாலத்தடியில நிண்டுதான் திரும்பிப் பாத்தன்."