சம்மதக் கடிதம்

கார்த்திகேசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்பை மட்டும் உரக்க வாசித்தார்.

"சம்மதக் கடிதம்."

பிறகு கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ரோட்டில், கடிதத்தைக் கொண்டுவந்த யுகேந்திரனின் மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது.

"பெரியவங்க யாரும் வரலையா, தம்பி? தனியாவா வந்தீங்க?"

தஞ்சோங் மாலிமிலிருந்து ஆயர் தாவார் வரை மோட்டாரிலேயே வந்ததில் யுகேந்திரனுக்கு இடுப்பு மரத்துப் போயிருந்தது. ஆனாலும் நின்றபடியே விளக்கினான்.

கணினிக்குத் தமிழ்ப் பிழைதிருத்தி செய்யும் தன்னார்வலர் குழு அது. அவன் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பிழைதிருத்தி கட்டற்ற மென்பொருள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இப்போது அதன் உரிமத்தை இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு மாற்றப்போகிறார்கள். அதற்குச் சொல் கொடுத்தவர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அவர் மகள் தினேஸ்வரி நானூற்றுப் பன்னிரண்டு எஸ்டேட் சொற்கள் கொடுத்திருக்கிறாள். அவள் மாட்டேன் என்றால் அத்தனையும் வெளியே போய்விடும். அப்புறம் காலையில் ஆளைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற 'பிரட்டு' என்று அடித்தால், கணினி அதைப் 'புரட்டு' என்று திருத்தும்.

கார்த்திகேசு ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"சரி. என்ன வேலை பாக்குறீங்க?"

"படிக்கிறேன், அங்கிள்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. அதற்குள் உள்ளேயிருந்து கோப்பியும் முறுக்கும் வந்துவிட்டன. கோப்பைகளில் தங்க விளிம்பு இருந்தது.

கடைசியாகத் தினேஸ்வரி வந்தாள். 'லப்பர்' சரியா, 'ரப்பர்' சரியா என்று குழுவில் அவனோடு ஒன்பது நாள் மல்லுக்கு நின்றவள். ஆளை அவன் இன்றுதான் பார்க்கிறான்.

அவள் கடிதத்தை வாங்கினாள். உலகத்தில் எவரும் செய்யாத காரியத்தைச் செய்தாள்: முழுவதையும் படித்தாள்.

"ஏய், பழைய உரிமத்துல 'இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது'ன்னு தெளிவா இருக்கு லா. மூணுக்கு மாத்த ஒருத்தர் சம்மதமும் வேணாமே. நீ படிக்கலையா?"

"புதுசுதானே, கவனிக்கல," என்றான் யுகேந்திரன்.

கார்த்திகேசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தினேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். தேவையில்லாத அந்தக் கடிதத்தில், நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

யுகேந்திரன் அதை மடித்துப் பையில் வைத்தான்.

சொல் கொடுத்தவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர்.

அவன் அச்சடித்தது ஒரே ஒரு கடிதம்.