மூக்கின் செல்

“உக்காருடி ஹபீபா, அதான் ஒரு தடவ சொல்லியாச்சே...”

“இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சர், இன்ஸ்பெக்டர் சாரும் கேக்கட்டும்...”

தாராவிப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை வெயிலில் முறுகிச் சடசடக்கிறது. கரும்பலகையில் நரம்புச் செல், தசைச் செல், மூக்கில் வாசனை அறியும் செல் என்று சாக்பீஸ் படங்கள். ஹபீபாவின் வாப்பா தோல் பதனிடுகிறவர். நாற்றம் தாங்கவில்லையென்று, பள்ளி திறந்த அன்றே அவளை வாசலோரத் தனிப் பெஞ்சுக்குத் தள்ளியவள் மாட்டுங்காவிலிருந்து வரும் இந்தக் கோமளம் டீச்சர்தான். இப்படியொரு நாளுக்காகத்தான் ஹபீபா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பின்னால் நாற்காலியில், பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் பேனாவை மூடாமல், “சொல்லுங்களேன்,” என்கிறார். டீச்சர் சாக்பீஸ் தூளை முந்தானையில் துடைத்துத் துடைத்துச் சொல்கிறாள்: “ஒரே வாசனை வந்துண்டே இருந்தா, மூக்குல இருக்கற செல் கொஞ்ச நேரத்துல பழகிப்போயிடும். அப்புறம் அந்த வாசனையே தெரியாது.” ஹபீபா புத்தகங்களை அள்ளிக்கொண்டு முதல் பெஞ்சுக்கு வருகிறாள். தாவணியால் மூக்கைப் பொத்துகிறவளைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு உட்காருகிறாள்.

“கொஞ்ச நேரத்துல பழகிருமுல்லா? அப்போ இத்தன மாசமா என்னய வாசல்ல வச்சது எந்தச் செல்லு டீச்சர்?”