பேர் தொலைந்த ஃபைல்கள்

"காப்பி எடுக்கணுமா? என் டிசைன்ல ஒண்ணைக்கூட வெளியே விடமாட்டேன். நீ ரிப்பேர் பண்ண வந்தியா, திருட வந்தியாமா?"

பட்டுக்கடை முதலாளி கைலாசம் இப்படிக் கேட்டதும், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த கிரேஸ் பையை மூடினாள்.

"அப்ப நான் கெளம்பறேன் சார். காப்பி எடுக்காம நான் எந்த டிஸ்க்குலயும் கை வெக்கறதில்ல."

கைலாசத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவளை அனுப்பவும் முடியாது. கடையின் புடவை டிசைன்கள் மொத்தமும் அந்த ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. சனிக்கிழமை காலையிலிருந்து அது திறக்க மறுக்கிறது. கறுப்புத் திரையில், ஃபைல் சிஸ்டம் கெட்டுவிட்டது, நீயே சரிபார்த்துக்கொள் என்று ஒரே பாட்டு.

போதாததற்கு, நெசவாளர் உதயகுமார் வேறு வாசலில் வந்து நின்றார்.

"தறி நாலு நாளா சும்மா நிக்குது மொதலாளி. ஆவணியில கல்யாணம். பொடவைக்கு ஆர்டர் குடுத்த பொண்ணு வீட்ல போன் மேல போன் போட்டுக்கினு இருக்காங்க. புது டிசைன் வருமா, வராதா?"

"வரும் வரும். போய் டீ குடிச்சுட்டு வாப்பா."

கிரேஸ் கேட்டாள். "ஷட்டவுன் பண்ணாம கரன்ட்டை நிறுத்தினீங்களா சார்?"

கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கீர்த்தி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சாமி படத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையானா கற்பூரம் காட்டிட்டு, என் கையால மெயினை அணைச்சுட்டுத்தான் கடையைப் பூட்டுவேன். பட்டு இருக்கற எடம்மா. எங்கப்பா காலத்து வழக்கம்."

"உங்கப்பா காலத்துல கம்ப்யூட்டர் இல்லியே சார்."

கீர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரி, சரிபண்ற கமாண்டை நேரா ஓட்டேன். நடுவுல காப்பி எதுக்கு?" என்றார் கைலாசம்.

"அது டிஸ்க்குல இருக்கறதையே திருத்தி எழுதும் சார். தப்பாப் போச்சுன்னா திரும்ப வராது. தறியில நைஞ்சுபோன பாவு நூலைப் பிடிச்சு முரட்டுத்தனமா இழுப்பீங்களா? மொத்த டிஸ்க்கையும் காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத்தான் ரிப்பேர் பண்ணுவேன். அசலுக்கு ஒண்ணும் ஆவாது."

பாவு என்றதும் கைலாசம் கொஞ்சம் இறங்கினார். ஆனால் சந்தேகம் இறங்கவில்லை.

"எதிர்த்தெரு முனிரத்தினம் கடைக்கும் நீதானே ரிப்பேர் பண்றே?"

"ஆமா சார். அவர் கடை விஷயம் எதையாவது உங்ககிட்ட சொன்னேனா? உங்க விஷயமும் அங்க போவாது."

"வாயால சொன்னாப் போதுமா? காமாட்சி மேல சத்தியம் பண்ணு."

"நான் சர்ச்சுக்குப் போறவ சார்."

"சரி, அங்க இருக்கறவர் மேல பண்ணு!"

கிரேஸ் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தாள். அதுவும் போதவில்லை. அவளுடைய போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பையைக் கொட்டிப் பார்த்தார். காப்பி எடுத்த டிஸ்க் தன்னிடமே இருக்க வேண்டும் என்றார்.

"தாராளமா வெச்சுக்குங்க சார். அது உங்க கடைக்குத்தான்."

மத்தியானம் வரை காப்பி ஓடியது. கைலாசம் சாப்பிடக்கூடப் போகாமல், ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் வேலை தெரிந்தவளுக்கு யார் பார்த்தால் என்ன?

காப்பி முடிந்ததும் கமாண்டைத் தட்டினாள். திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன.

"நூத்திப்பதினேழு ஃபைல் கெடைச்சிருக்குது சார். உள்ள இருக்கற சரக்கு பத்திரம். பேருங்கதான் அழிஞ்சுபோச்சு, வெறும் நம்பரா இருக்குது. ஒண்ணொண்ணாத் தொறக்கறேன், நீங்க பேரு சொல்லுங்க."

முதல் ஃபைல் திறந்தது. கைலாசத்தின் முகம் மலர்ந்தது.

"யாளி பார்டர்!"

அடுத்தது.

"மயில்கண்! அது கோபுரக்கரை! அது ருத்ராட்சம்!"

அவர் சொல்லச் சொல்லக் கிரேஸ் பேர் வைத்துக்கொண்டே போனாள். எண்பத்தி நாலாவது ஃபைலில், நாகலிங்கப் பூவும் கொடியும் பின்னிய அகலமான கரை ஒன்று வந்தது. கைலாசம் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார்.

"இதாம்மா! உதயகுமார் கேட்ட புது டிசைன் இதான்! மூணு மாசம் தூக்கமில்லாம நானே யோசிச்சது. அம்பாளே கனவுல வந்து காட்டினா. இது மட்டும் அந்த முனிரத்தினம் கண்ணுல பட்டுச்சு, மறுநாளே அவன் தறியில ஏத்திடுவான். இதுக்குத்தாம்மா உன்னை அவ்ளோ கேள்வி கேட்டேன். அடுத்தவன் மூளையைத் திருடற ஊரு இது. தப்பா நெனைக்காதே."

"நெனைக்கல சார்," என்று கிரேஸ் எண்பத்தி அஞ்சாவது ஃபைலுக்குப் போனாள். நம்பருக்குப் பக்கத்தில் பொட்டளவுக்கு ஒரு படம் தெரிந்தது.

"அக்கா, அது வேணாம்க்கா," என்றாள் கீர்த்தி அவசரமாக. "அதைப் பார்த்துத்தான் நான் இந்த டிசைனை..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் வேணாம்? எல்லாம் நம்ம சரக்குதானே, தொறம்மா," என்றார் கைலாசம், இன்னும் பூரிப்பு அடங்காமல்.

கிரேஸ் திறந்தாள். அது டிசைன் இல்லை, போனில் எடுத்த போட்டோ. முனிரத்தினம் கடையின் பெயர் எழுதிய கண்ணாடி ஷோகேஸ். உள்ளே பொம்மை கட்டியிருந்த புடவையில் அதே நாகலிங்கப் பூ, அதே கொடி, அதே கரை. கண்ணாடியில், நெற்றி நிறைய விபூதியோடு, இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி கைலாசம் தெளிவாகத் தெரிந்தார்.

கிரேஸ் கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"இதுக்கு என்ன பேரு வெக்கட்டும் சார்?"