மழுங்கிய கொக்கி

"என்னடா வெர்லின், இன்னைக்காவது ரெடியா?"

பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல் ஆர்லோ கடைக்குள் வந்தான். பதினேழு சனிக்கிழமையாக இதே கேள்வி.

வெர்லின் முப்பது வருடமாகத் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வாடிக்கையாளரிடம் ஒரு பொய் சொன்னதில்லை. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் பதினாறு சொல்லியாயிற்று. அதுவும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனிடம்.

"ஸ்பிரிங் இன்னும் வரலடா. ஆர்டர் போட்டிருக்கேன்."

"போன வாரமும் ஸ்பிரிங். அதுக்கு முந்தின வாரம் தோட்டா போடற மேகஸின். அதுக்கு முன்னாடி மான் வேட்டை சீசன், கை ஒழியலைன்னே. நீ சொல்ற சாமானையெல்லாம் சேர்த்தா ஒரு டிராக்டரே செய்யலாம்!"

வெர்லின் சிரிக்க முயன்றான். சிரிப்பு வரவில்லை.

அது ஆர்லோவின் அப்பா ஹரால்ட் விட்டுப்போன கைத்துப்பாக்கி. சின்னத் தோட்டா போட்டு, அட்டையில் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே செய்தது. அதை வைத்துக்கொண்டு கிளப் கோப்பையை ஒன்பது முறை தூக்கிய மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அதைத் துடைத்து எண்ணெய் போட்ட பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார்.

நவம்பரில் ஆர்லோ அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "சுட்டா காலி உறை வெளிய வரமாட்டேங்குது, உள்ளேயே சிக்கிக்குது" என்றான்.

வெர்லின் பிரித்துப் பார்த்தான். காலி உறையை வெளியே இழுத்துப் போடும் சின்னக் கொக்கியின் நுனி மழுங்கியிருந்தது. அரம் போட்ட கீறல் பளிச்சென்று தெரிந்தது. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்த அரைகுறை மெக்கானிக்டா இதுல கை வச்சான்? உங்கப்பா இருந்தா அவன் கையை ஒடிச்சிருப்பார்!"

ஆர்லோ தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டான்.

வேறு கொக்கி மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்கட்டில் பத்து ரவுண்டு சுட்டுப் பார்த்தான். பத்து உறையும் துள்ளி விழுந்தன. அன்று சாயங்காலமே ஆர்லோவின் அக்கா மார்லிஸ் போன் செய்தாள்.

"வெர்லின், அதை அவன் கையில குடுத்துடாதே. மாட்டையெல்லாம் வித்ததிலேர்ந்து அவன் அவனா இல்ல. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து காலிக் கொட்டில்ல போய் நிக்கிறான். வேட்டைத் துப்பாக்கியை எல்லாம் என் பையனுக்கு வேணும்னு சாக்குச் சொல்லி எடுத்துட்டு வந்துட்டேன். அப்பாவோடது மட்டும் உன்கிட்ட இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அதிலிருந்து அது வெர்லினின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆர்லோ வாரா வாரம் வருவான். காபி குடிப்பான். ரெடியா என்று கேட்பான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவன் வர ஒரு மணி நேரம் தாமதமானபோது, வெர்லின் கடையைக்கூடப் பூட்டாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். வாசலிலேயே ஆர்லோ எதிரில் வந்தான்.

"ஸ்பிரிங் வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றான் ஆர்லோ இப்போது. "இன்னைக்கு எடுத்துட்டுத்தான் போவேன். செவ்வாக்கிழமை கிளப்புல சுடணும்."

வெர்லின் ஊற்றிய காபி கோப்பைக்கு வெளியே வழிந்தது. இனி என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை. சிநேகிதனின் முகத்தைப் பார்த்தான். இன்று சவரம் செய்திருந்தான். சட்டைக் கையில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

"அது என்னடா கறை?"

"கன்னுக்குட்டி. புட்டியில குடிக்கத் தெரியாம மேல துப்பிடுச்சு. ரெண்டு வாங்கியிருக்கேன், ரெண்டும் கிடேரி. ஒண்ணுக்கு உன் பேரைத்தான் வைக்கணும்ங்கிறா மார்லிஸ். மூஞ்சி அப்படியே நீதான்."

இந்த முறை வெர்லின் சிரித்துவிட்டான். ஆனாலும் பயம் முழுதாக விடவில்லை. இரண்டு கன்றுக்குட்டிகள் ஒரு மனிதனைப் பிடித்து நிறுத்திவிடுமா? இருந்தும் இதற்கு மேல் பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. போய்ப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியைக் கொண்டுவந்து துணியோடு மேசையில் வைத்தான்.

"ஆர்லோ, இதுல ஒரு கோளாறும் இல்லடா. நவம்பர்லயே சரி பண்ணிட்டேன். நீ இருந்த இருப்புக்கு இதை உன் கையில குடுக்க எனக்குப் பயம். அதான் இத்தனை பொய். கோவம்னா ரெண்டு அடி அடிச்சுக்கோ."

"தெரியும்."

"மார்லிஸ் சொல்லிட்டாளா?"

"அவ ஒரு வார்த்தை சொல்லலை." ஆர்லோ துப்பாக்கியைத் தொடவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்போ இது வீட்டுல இருக்கிறது எனக்கே பயமா இருந்துச்சுடா. கொஞ்ச நாள் நீ வச்சுக்கோன்னு கேக்க வாய் வரலை. ரிப்பேர்னா ஒண்ணும் சொல்லாம விட்டுட்டுப் போயிடலாமில்ல? வாரா வாரம் நான் வந்தது, இன்னும் இங்கதான் இருக்கான்னு பாத்துட்டுப் போகத்தான்."

வெர்லின் மேசையில் சிந்திய காபியைத் துடைத்தான்.

"அன்னைக்குத் திட்டினியே, கொக்கியில அரம் போட்ட அரைகுறை மெக்கானிக்" என்று ஆர்லோ லேசாகச் சிரித்தான். "அது நான்தான்டா."